அளவெடுத்த முதுகு

என் அக்கா வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அதுதான் கோளாறே. குடிகாரராகவோ ஊர்சுற்றியாகவோ இருந்திருந்தால் அவர் மகளின் முதுகை அக்கா கவனித்திருப்பாள், நானாவது கவனித்திருப்பேன். எல்லாவற்றையும் மாமா பார்த்துக்கொள்வார் என்று வீடே நிம்மதியாக இருந்துவிட்டது.

மாமா தையல்காரர், பெண்களுக்கு மட்டும் தைப்பவர். வீட்டின் முன்னறைதான் கடை. துணி வெட்டுகிற நீள மேசை, இரண்டு மெஷின், சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அந்தத் தெருவில் யாருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கிறது, யாருக்கு இடுப்பு ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்க மாட்டார். அளவெடுக்கும்போது கண்ணில் பட்டது கடை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம். "உடம்பு எப்படி வேணா இருக்கட்டும். துணிதான் வழிக்கு வரணும்" என்பார். இறங்கிய தோளுக்கு உள்ளே பஞ்சு வைப்பார். தூக்கிய இடுப்புக்கு ஒரு விரல் துணி கூட்டுவார். போட்டுப் பார்க்கிற பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, இத்தனை நாள் நான் இவ்வளவு அழகாகவா இருந்தேன் என்று பூரித்துப்போவாள்.

நான் எலும்பு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். என்னை அவர் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். உலகத்திலேயே மச்சினிச்சியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இவர்தான் என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். எங்கள் தியேட்டர் கதைகள் என்றால் அவருக்கு உயிர். ஒருமுறை, கருவில் கை கால் முளைப்பதற்கு முன்பே முதுகின் வேலை ஆரம்பித்துவிடும் என்று சொன்னேன். முதுகுப் பக்கம் ஒரு பள்ளம் விழும், அதன் இரண்டு ஓரமும் எழுந்து நடுவில் ஒட்டிக்கொள்ளும், பிறகு மேலேயும் கீழேயுமாக மூடிக்கொண்டே போகும், உள்ளே அடங்கியதுதான் தண்டுவடம் என்றேன். மெஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"அப்போ எல்லாருக்கும் முதல் தையலே முதுகிலதானா, சிஸ்டர்?"

அன்றைக்குப் பூராவும் கடைக்கு வந்த பெண்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி இரவல் கேட்டு வந்தவர்கள்கூடத் தப்பவில்லை.

அவருடைய ஒரே மகளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் வாலு. வைத்ததற்குக் குறைவில்லாமல் நடந்துகொள்வாள். பிறந்ததிலிருந்து அவள் கடையில் வாங்கிய உடுப்பைப் போட்டதில்லை. பள்ளிச் சீருடை முதல் வீட்டில் போடுகிற சட்டை வரை அப்பா கையால்தான். பன்னிரண்டு முடிந்ததும் கிடுகிடுவென்று வளர ஆரம்பித்தாள். எங்களுக்கெல்லாம் பெருமை. அக்கா மட்டும், "கூன் போடாதடி, நேரா நில்லு" என்று போகிறபோக்கில் முதுகில் ஒன்று வைப்பாள். குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்கிற வயது. வெறும் முதுகை யாரும் பார்க்கவில்லை.

போன வருஷம் ஒரு விடுமுறை நாளில் மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தாள். என்னுடைய பழைய டீ ஷர்ட் ஒன்றைக் கொடுத்தேன். மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஷர்ட் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. சரியாக இழுத்துவிட்டேன். மறுபடியும் சரிந்தது. வலது தோள் இடதைவிட உயரமாக இருந்தது. தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலாகப் புடைத்துத் தெரிந்தது.

"வாலு, குனிஞ்சு கால் விரலைத் தொடு பாப்போம்."

"என்ன சித்தி, பி.டி. டீச்சர் மாதிரி?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தாள். டீ ஷர்ட்டை மேலே தூக்கினேன். வலது பக்க விலா எலும்புகள் திட்டாக எழும்பி நின்றன. இடது பக்கம் பள்ளம். முதுகுத்தண்டு நடுவில் இல்லை. இந்த மாதிரி முதுகுகளை ஆபரேஷன் மேசையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் பார்ப்பது அதுதான் முதல்முறை.

அவளுடைய ஈரச் சட்டை நாற்காலியில் கிடந்தது. எடுத்து உள்பக்கம் திருப்பினேன். இடது தோளில் மூன்றடுக்குப் பஞ்சு. இடது இடுப்பில் மடிப்புக்குள் மடிப்பாக ஒட்டுத்துணி. வலது முதுகில் ஒளித்து வைத்த தளர்வு. அப்படியொரு வேலைப்பாடு.

அந்தச் சட்டையோடு நேராகக் கடைக்குப் போனேன். வெட்டுமேசையில் வீசினேன்.

"எவ்வளவு நாளா மாமா இது?"

அவர் சட்டையைத் தொடவில்லை. "முதல்ல பாவாடை விளிம்பு ஒரு பக்கம் தூக்குச்சு. கொஞ்சம் இறக்கித் தைச்சேன். அப்புறம் தோள். ஒவ்வொரு அளவுக்கும் கொஞ்சம் கொஞ்சமா..."

"ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"பொம்பளப் புள்ள, சிஸ்டர். அவ மனசு நோகுமேன்னு. வளர்ற வயசு, வளந்தா சரியாயிடும்னு நெனச்சேன்."

"வளர வளரத்தான் மாமா வளையும்! வளர்ச்சி நிக்கிறவரைக்கும் வளைஞ்சுக்கிட்டேதான் இருக்கும்!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். உள்ளேயிருந்து அக்கா ஓடிவந்தாள். விஷயம் புரிந்ததும் சட்டையை எடுத்துப் பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்கள் பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். முதுகெலும்பு ஒருபக்கமாகச் சாய்ந்து, ஈரத்துணியைப் பிழிந்ததுபோலத் தன்னைத்தானே திருகிக்கொண்டிருந்தது. அது இழுத்த இழுப்புக்கு விலா எலும்புகளும் கூடவே போயிருந்தன. அக்கா புத்தகப் பையைக் குறை சொன்னாள், குப்புறப் படுப்பதைக் குறை சொன்னாள். டாக்டர் தலையாட்டி மறுத்தார். பெரும்பாலும் இதற்குக் காரணமே தெரியாது, யார் தப்பும் இல்லை, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் உடம்புக்கு ஒரு கவசப் பட்டை மாட்டி வளைவை நிறுத்தப் பார்த்திருக்கலாம் என்றார். இப்போது அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இப்படியே விட்டால் வலது நுரையீரலுக்கு இடம் இருக்காது. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிற நாள் வரும்.

"இவ்வளவு தூரம் வர்றவரைக்கும் வீட்ல யாருமே பாக்கலையா?"

"நான் பாத்தேன், டாக்டர்" என்றார் மாமா.

"பாத்துட்டு?"

"தைச்சேன்."

டாக்டர் எக்ஸ்ரேயை உறையில் போட்டார்.

ஆபரேஷன் என்று முடிவானது. முதுகை நடுவில் நீளமாகத் திறந்து, தசையை எலும்பிலிருந்து ஒதுக்கி, எலும்புகளில் திருகாணி இறக்கி, இரண்டு பக்கமும் கம்பி மாட்டி நிமிர்த்த வேண்டும். நிமிர்த்துகிற நேரம்தான் ஆபத்து. உள்ளே ஓடுகிற தண்டுவடம் இத்தனை வருஷமாக வளைவுக்குப் பழகியிருக்கும். இழுபட்டால், அதற்குப் போகிற ரத்தம் குறைந்தால், கால் போய்விடும். அதைக் கண்காணிக்கிற மெஷின் எங்கள் தியேட்டரில் பழுதாகி, துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. அதனால் நாங்கள் பழைய முறையைத்தான் செய்கிறோம். கம்பியை மாட்டி நிமிர்த்தியதும், முதுகு திறந்தபடியே இருக்க, மயக்கத்தைக் குறைத்து ஆளைக் கொஞ்சமாக எழுப்புவோம். கையை மூடு என்போம். மூடினால் நாம் பேசுவது கேட்கிறது என்று அர்த்தம். பிறகு, காலை ஆட்டு என்போம். ஆட்டினால் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி தூங்கவைப்போம். வலி தெரியாது, பெரும்பாலோருக்கு ஞாபகமும் இருக்காது.

இதை முன்கூட்டியே பழக்கிவைக்க வேண்டும். தினமும் சாயங்காலம் டியூட்டி முடிந்து அக்கா வீட்டுக்குப் போவேன். வாலுவை வெட்டுமேசையில் குப்புறப் படுக்கவைத்து, கால்மாட்டில் நின்று கூப்பிடுவேன்.

"வாலு, கையை மூடு."

மூடுவாள்.

"வாலு, காலை ஆட்டு."

காலை ஆட்டச் சொன்னால் டான்ஸே ஆடுவாள். விரல், கணுக்கால், முட்டி எல்லாம் ஆடும். வெட்டிவைத்த துணியெல்லாம் தரையில் விழும். "இவ ஆட்டுற ஆட்டத்துக்கு டாக்டர் பயந்து ஓடப்போறாரு" என்று அக்காகூடச் சிரித்தாள். மாமா மட்டும் மெஷின் பக்கத்திலேயே நின்று அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"நீ கூப்பிட்டும் நான் முழிக்கலன்னா என்ன சித்தி பண்ணுவ?" என்று ஒருநாள் கேட்டாள்.

"காதைத் திருகுவேன்."

"முழிச்சு, ஆட்டுனா பாஸா?"

"பாஸ்."

"அப்போ நான் பாஸுதான்" என்று மேசையிலிருந்து குதித்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் மாமா அவளுக்கு ஒரு கவுன் தைத்தார். மஞ்சள் நிறம், சின்னச் சின்னப் பூ. துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டாக வெட்டினார். அவள் துணியை அப்படி மடித்து வெட்டி வெகுநாள் ஆகிவிட்டது. பஞ்சு இல்லை, ஒட்டு இல்லை, வலதும் இடதும் ஒன்றே. தைத்து முடித்து என்னிடம் பெருமையாக விரித்துக் காட்டினார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்போதும் ஆறவில்லை. "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சொந்தக்காரர்கள் தியேட்டருக்குள் நிற்கக் கூடாது என்பது எங்கள் விதி. நான் சண்டை போட்டேன். மயக்க மருந்து டாக்டரம்மா என் பக்கம் நின்றார். "பழகின குரல். சீக்கிரம் முழிப்பா. கால்மாட்டுல மட்டும் நிக்கட்டும்" என்றார். காலையில் அவளை உள்ளே கொண்டுவரும்போது கைவிரலில் நகப்பூச்சை அழித்திருந்தார்கள். கால் விரல்களில் சிவப்பு அப்படியே இருந்தது. அழிக்க வந்த நர்ஸிடம் மல்லுக்கு நின்று ஜெயித்திருக்கிறாள்.

அவள் தூங்கியதும் குப்புறத் திருப்பிப் படுக்கவைத்தோம். டாக்டர் தோலில் பேனாவால் கோடு இழுத்தார். நடுவில் இழுத்த கோடு நேராகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் முதுகு வளைந்து கிடந்தது. அதற்குமேல் நான் முதுகுப் பக்கம் பார்க்கவில்லை. பச்சைத் துணிக்கு அடியில் குனிந்து, டார்ச் வெளிச்சத்தில், இரண்டு பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருகாணி இறங்கும் சத்தம் கேட்டது. உறிஞ்சுகுழாய் சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தங்கள்தான். அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பல் கூசியது.

"நிமிர்த்தியாச்சு. எழுப்புங்க" என்றார் பெரிய டாக்டர்.

தலைமாட்டில் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"வாலு, சித்தி பேசறேன். கையை மூடு."

டாக்டரம்மா இல்லை என்று தலையாட்டினார். சத்தமாகச் சொன்னேன். "வாலு! கையை மூடு!"

"மூடுறா. நல்லா இறுக்கிப் பிடிக்கிறா" என்றார் டாக்டரம்மா.

"வாலு, காலை ஆட்டு."

சிவப்பு நகங்கள் பத்தும் டார்ச் வெளிச்சத்தில் அப்படியே இருந்தன.

"வாலு, காலை ஆட்டுடி. மேசையில ஆட்டுவியே, அப்படி ஆட்டு."

"கை இன்னும் இறுக்குது. அவளுக்குக் கேக்குது" என்றார் டாக்டரம்மா.

"கால்?" என்றார் டாக்டர்.

"இல்ல, டாக்டர்."

அவர் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. கம்பியைத் தளர்த்தச் சொன்னார். ரத்த அழுத்தத்தை ஏற்றச் சொன்னார், ரத்தம் ஏற்றச் சொன்னார். எலும்பு பழைய வளைவுக்கே திரும்பப் போகட்டும் என்று விட்டுவிட்டார். நான் மறுபடி கூப்பிட்டேன். மறுபடி. கெஞ்சினேன், திட்டினேன், காதைத் திருகுவேன் என்று மிரட்டினேன். இடது கட்டைவிரல் லேசாக மடங்கியது. நான் போட்ட சத்தத்தில் டாக்டர் அதட்டினார். கம்பி இரண்டையும் முழுக்க எடுத்தபிறகு இடது பாதம் முழுசாக அசைந்தது. வலது பாதத்தை நான் கையால் தொட்டேன், உள்ளங்காலைக் கீறினேன். அது பேசாமல் கிடந்தது.

"போதும். தூங்க வைங்க. மூடிடலாம்" என்றார் டாக்டர்.

டாக்டர் வெளியே வந்து சொல்லவேண்டியதை நான் முந்திக்கொண்டு வந்து சொன்னேன். அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மாமா மடியில் ஒரு துணிப்பை. உள்ளே அந்த மஞ்சள் கவுன்.

"கம்பி?" என்றார்.

"எடுத்தாச்சு."

"முதுகு?"

"பழையபடிதான் மாமா."

"கால்?"

"இடது அசையுது. வலது இன்னும் வரல. போகப்போக வரலாம். வராமலும் போகலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

எத்தனையோ நாளாக அவருக்காகச் சேர்த்துவைத்திருந்த திட்டு ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்து வரவில்லை. அக்காதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. புள்ள தாங்க மாட்டா. பக்குவமா அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். சரி என்றேன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாமா பையின் வாயை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் அவளுக்கு நன்றாகத் தெளிந்தது. மல்லாந்து படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். அக்கா தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமா கால்பக்கம் நின்றிருந்தார். கண்ணைத் திறந்ததும் என்னைத்தான் தேடினாள்.

"சித்தி, நான் ஆட்டினேனா?"

"ஆட்டினடி" என்றேன். "டான்ஸே ஆடின. டாக்டர் ஆடிப்போயிட்டாரு."

"பாஸா?"

"பாஸ்."

சொல்லும்போதே என் கை தானாகப் போர்வையைக் கீழே இழுத்து அவள் வலது பாதத்தை மூடியது. ஓரத்தைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டது. நிமிர்ந்தபோது மாமா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை நான் என்னென்ன பேச்சு பேசியிருப்பேன்.

அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். போர்வையின் ஓரத்தைப் பிடித்தார். விளிம்பு மடிக்கிறவர்போல நிதானமாக, ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, முட்டிவரை மடித்து வைத்தார்.

"வேணாங்க" என்றாள் அக்கா.

"வேணும்" என்றார். பிறகு மகளின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "வாலு, அப்பா சொல்றேன். இடது கால் அசைஞ்சுச்சு. வலது கால் அசையல. அதனால கம்பியை எடுத்துட்டாங்க. உன் முதுகு நேராகல. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படித்தான் இருக்கு. வளையுதுன்னு எனக்கு அப்பவே தெரியும். உன்கிட்ட நான்தான் சொல்லாம விட்டேன்."

அவள் அழவில்லை. அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். பிறகு தலையைக் கொஞ்சமாகத் தூக்கிக் கால்களைப் பார்த்தாள். இடது பாதம் மெல்ல ஆடியது. சிவப்பு நகங்கள் அப்படியும் இப்படியும் போய்வந்தன. பக்கத்தில் மற்ற ஐந்து நகங்கள் அப்படியே இருந்தன.

"ஆட்டுறேன்ப்பா" என்றாள். "ரெண்டையும்தான். வலதையும் ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். தெரியலையா?"

மாமா குனிந்து அந்த வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா" என்றார். "தெரியல."